இரண்டு அறைக்கான தண்ணீர்

பம்பு ரூமில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கசிகிற வால்வுக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தார் சோலை. கை வால்வில் இருந்தது, கண் வால்வில் இல்லை. கதவிடுக்கு வழியாக முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருடைய சகலை சந்தனம் அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளைத் தோழன் கணக்காக நிமிர்ந்து நின்றான். மறுமுனை என்ஜினியர் பின்சி மேடத்தின் கையில் இருந்தது.

"சந்தனம் சேட்டா, கொஞ்சம்கூடி வலிச்சுப் பிடி" என்றாள் மேடம்.

"பிடிச்சாச்சு மேடம்."

பிடிச்சாச்சாம். சோலை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். சுவரில் ஒரு ஆணியை அடித்து டேப்பை மாட்டினால் ஆணியும்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு இவ்வளவு நெஞ்சை நிமிர்த்த வேண்டியதில்லை.

மூணாறிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், தேயிலைச் சரிவின் உச்சியில் இருந்தது அந்த ரிசார்ட். மூன்று மாடி, கண்ணாடி ஜன்னல், விடிந்தால் மேகம் பார்க்கிற பால்கனி. எல்லாம் இருந்தும் தீயணைப்புக்காரர்கள் தர வேண்டிய என்ஓசி மட்டும் வந்தபாடில்லை. தீப்பிடித்தால் அணைக்க எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீர்கள், அது போதும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கணக்கைப் போடத்தான் கோட்டயத்திலிருந்து பின்சி மேடம் வந்திருந்தாள். கட்டடத்தின் நீள அகலம், உயரம், உள்ளே எத்தனை பேர் படுக்கிறார்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது, ஓடையிலிருந்து தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இவ்வளவு தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும் என்று அவள் எழுதித் தருவாள். பாறையைக் குடைந்து போன வருசம் கட்டிய டேங்கில் அவ்வளவு பிடித்தால் என்ஓசி.

சோலைக்குப் பொறுக்காதது என்னவென்றால், தண்ணீர் என்பது அந்த ரிசார்ட்டில் அவருடைய சோலி. ஓடையில் குழாய் போட்டது அவர். அட்டைக்கடி பட்டுக்கொண்டு அடைப்பு எடுப்பது அவர். பம்பு எப்போது இருமும் எப்போது நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும். தண்ணீர்க் கணக்கு எடுக்க வந்தவளுக்குக் கூட்டாளி பூச்செடிக்காரனாம்!

ஆனந்தியைச் சோலை கட்டினார், அவள் தங்கை பேச்சியைச் சந்தனம் கட்டினான். அன்றிலிருந்து சோலைக்கு நிம்மதி இல்லை. பொங்கலுக்கு மாமியார் வீட்டில் கறிச்சோறு போட்டால், சந்தனத்தின் இலையில் நல்லி எலும்பு விழும். எஸ்டேட் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒரே நாளில் பீன்ஸ் ஊன்றினால், அவனுடையதுதான் முதலில் காய்க்கும். குறிஞ்சி எங்கே என்று கேட்கிற டூரிஸ்ட்டுகளுக்கு, பூக்காத வருசத்திலும் வெறும் செடியைக் காட்டியே டிப்ஸ் வாங்கிவிடுவான். மலையாளம் அவன் வாயில் தேனாக வழியும். சோலை மலையாளம் பேசினால் மலையாளிகள் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள்.

இதெல்லாம் பழைய வயிற்றெரிச்சல். இப்போதைய வயிற்றெரிச்சலுக்கு ஒரு கூரை இருந்தது.

ஆனந்தி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். வருகிற சித்திரையோடு அவளுக்கு ரிட்டயர்மென்ட். வீட்டில் ஒரு ஆளாவது எஸ்டேட்டில் பேர் பதிந்திருந்தால்தான் லயத்து வீடு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மகளைப் போடியில் கட்டிக்கொடுத்தாயிற்று. சோலை அந்தக் காலத்திலேயே ஃபாக்டரித் தற்காலிக வேலையை விட்டுவிட்டு, ரிசார்ட்டுதான் இனிமேல் எதிர்காலம் என்று மேலே ஏறி வந்தவர். ஆக, ஆனந்தி கூடையை இறக்கி வைக்கிற அன்றைக்கு வீட்டுச் சாவியையும் இறக்கி வைக்க வேண்டும். பேச்சிக்கு இன்னும் ஒரு வருசம் சர்வீஸ் இருந்தது. அந்த ஒரு வருசத்தின் மேலும் சோலைக்குப் பொறாமைதான்.

மேனேஜர் போன வாரம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். என்ஓசி வந்தால் டேங்கையும் பம்பையும் பார்த்துக்கொள்ள 'ஃபயர் ஆப்பரேட்டர்' என்று ஒரு பெர்மனென்ட் போஸ்ட் வரும், அந்த ஆளுக்குப் பின்பக்க ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் ரூம் கொடுப்போம் என்று. சமையல்கட்டுக்குப் பின்னால், கெஸ்ட்டுகளின் கண்ணில் படாதபடி மூங்கில் தட்டி கட்டி, அதில் பழக்கொடி படரவிட்டு மறைத்த தகரக் கூரைக் கட்டடம் அது. நாலு அறை. இரண்டில் சமையல்கட்டு அசாம்காரர்கள் படுத்தார்கள். மற்ற இரண்டில் பழைய மெத்தைகளும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. சோலை அதில் ஒன்றை மனசுக்குள் ஏற்கெனவே கூட்டிப் பெருக்கி, அடுப்பு வைத்து, ஆனந்தியைக் குடியேற்றியிருந்தார். இந்த நிலையில்தான் சந்தனம் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

சாயங்காலம் லயத்துக்கு இறங்கி வந்தபோது ஆனந்தி வாசலில் உட்கார்ந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தாள். பாத வெடிப்புகளில் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருந்தது.

"ஏங்க, பேச்சி வந்துட்டுப் போறா. கொழுந்தனாரத்தான் அந்த மேடம் கூடவே வச்சிருக்காகளாமே."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சா, அவரு மேடத்துக்கிட்டயோ மேனேஜர்கிட்டயோ…"

"நான் போயி அவங்கிட்டப் பல்ல இளிக்கணுமாக்கும்? தண்ணின்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு? செடிக்கு ஊத்தத் தெரியும், அம்புட்டுத்தான்."

"யாருகிட்ட இளிச்சா என்னங்க? கவுரவத்த வச்சிக் கூர வேய முடியுமா?" ஆனந்தி காலை வெளியே எடுத்துத் துணியால் ஒற்றினாள். "இன்னைக்குக் கொழுந்து எட போடுற எடத்துல ஃபீல்டு ஆபீசரு கேட்டாரு. 'ஆனந்தி, எப்ப ஊருக்குப் போறே'ன்னு. எந்த ஊருக்கு சார்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

சோலைக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கரன்கோவில் பக்கம் ஏதோ ஒரு ஊர் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் யாரையும் அவருக்குத் தெரியாது. அந்த ஊருக்கும் அவரைத் தெரியாது.

"ரூமு எனக்குத்தான். நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனார். பைப்பில் நூல் மாதிரித்தான் வந்தது. வரிசையில் சந்தனம் அவருக்கு முன்னால் நின்றான். "அண்ணே, நீங்க மொதல்ல புடிங்க" என்று நகர்ந்தான்.

"எனக்கென்ன அவசரம்? நீ பெரிய வேலக்காரன். நீ புடி" என்றார் சோலை. சந்தனம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவர் குடத்தைத் திருப்பிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, எதிர் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் ஓடையில் தண்ணீர் வரத்து பார்க்க வேண்டியிருந்தது. குழாய் வாயில் ஒரு டிரம்மை வைத்து, அது எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பார்க்கிற வேலை. சோலையின் நாள் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேட்டியை மடித்துக் கட்டி, டிரம்மைத் தூக்கித் தோளில் வைத்து, வழுக்குப் பாறையில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினார். டிரம்மை வைத்தார், குழாயைத் திருப்பினார், நிறைந்ததும் "நெறஞ்சிருச்சு மேடம்!" என்று மலையே அதிரக் கத்தினார். பின்சி மேடம் போனில் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அதற்குள் தூற்றல் விழுந்தது. எங்கிருந்தோ சந்தனம் குடையோடு வந்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"தேங்க்ஸ் சந்தனம் சேட்டா" என்றாள்.

டிரம் தூக்கியவன் நனைந்துகொண்டு நிற்க, குடை பிடித்தவனுக்குத் தேங்க்ஸ். சோலைக்கு மழை குளிரவே இல்லை.

மத்தியானம் மேடம் ரிசப்ஷன் வராந்தாவில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தாள். மேனேஜர் பக்கத்தில் போனைத் தடவிக்கொண்டிருந்தார். சந்தனம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கேட்டால் பதில் சொல்ல ஒதுங்கி நின்றான். சோலையை யாரும் கூப்பிடவில்லை. அவர் படிக்குக் கீழே, குழாய் ஜாயின்ட் ஒன்றைத் துடைக்கிற சாக்கில் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடம் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள். மெயின் பில்டிங், ரெஸ்டாரன்ட், சமையல்கட்டு, அடியில் கார் நிற்கிற இடம். சொல்லி முடித்து மேனேஜரைப் பார்த்தாள். "டேங்க் ஓகேதான். கரெக்டா பத்தும்." பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவளாகக் கேட்டாள். "பின்சைடில் வேற கெட்டிடம் ஒண்ணும் இல்லல்லோ?"

மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பின்னால தேயிலக் காடுதான் மேடம்" என்றான் சந்தனம்.

சோலையின் கை நின்றது. அட மடையா! ரெண்டு நாளாக டேப்பைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவன், ஒரு முழுக் கட்டடத்தையே விட்டுவிட்டான். கட்டடம் என்றால் கெஸ்ட் தங்குவது மட்டும்தான் என்று நினைத்துவிட்டான் போல. தகரக் கூரை போட்டதை லயம் என்றோ குடிசை என்றோதான் இவனுக்குச் சொல்லத் தெரியும். சோலைக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சம் இல்லை. முப்பது வருசத்து நல்லி எலும்பெல்லாம் ஒரே நேரத்தில் தன் இலையில் வந்து விழுந்ததாக உணர்ந்தார். குழாயைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினார்.

"மேடம், அவன் ஒண்ண விட்டுட்டான்."

மேடம் திரும்பினாள்.

"சமையக்கட்டுக்குப் பின்னால, அந்தக் கொடி ஏத்துன தட்டிக்கு அங்கிட்டு, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் இருக்கு. நாலு ரூமு. ஆள் படுக்குற எடம் மேடம். அவன் அளக்கல."

மேனேஜர் இப்போது தலையைத் தூக்கினார். சந்தனம், "அண்ணே" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அது கெஞ்சல் என்று சோலைக்குத் தெரியவில்லை, மாட்டிக்கொண்டவனின் குரல் என்று நினைத்தார்.

"ஸ்டாஃப் குவார்ட்டர்ஸோ?" மேடம் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர், "அது டெம்பரரி ஷெட் ஆணு மேடம், கணக்கில் கூட்ட வேண்டா" என்றார். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். டேப்பை எடுத்து நீட்டினாள். சந்தனத்திடம் இல்லை, சோலையிடம்.

அந்த முக்கால் மணி நேரம் சோலையின் வாழ்க்கையில் மறக்க முடியாதது. தட்டியை விலக்கி மேடத்தை அழைத்துப் போனார். டேப்பைச் சுவரோடு சுவராக அழுத்திப் பிடித்தார். அவள் இழு என்றால் இழுத்தார், விடு என்றால் விட்டார். காலி அறைக்குள் போய் மெத்தைகளைத் தள்ளி மூலைக்கு மூலை அளந்து சொன்னார். ஜன்னலைத் திறந்தால் கீழே லயம் வரைக்கும் தெரிந்தது. இங்கே அடுப்பு, இங்கே ஆனந்தியின் டிரங்குப் பெட்டி என்று அளவோடு அளவாக அவர் கணக்குப் போட்டார். சந்தனம் தட்டி ஓரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்தான். பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும் என்று சோலை நினைத்தார்.

மேடத்தின் முகம் மட்டும் போகப் போகச் சுருங்கியது. சமையல்கட்டுச் சுவருக்கும் குவார்ட்டர்ஸ் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் சாய்ந்து போகிற சந்துதான் இருந்தது. அந்தச் சந்தின் முனையில் கம்பிக் கூண்டுக்குள் கேஸ் சிலிண்டர்கள். வாசல் ஒன்றே ஒன்று.

"இங்கே ஆள் உறங்குதா?"

"ஆமா மேடம். அசாம்காரப் பசங்க. இனிமே நாங்களும் வருவோம்."

"சமையல்கட்டில் தீ பிடிச்சால் இதும் சேர்ந்து கத்தும், எரிஞ்சுபோகும். ரெண்டும் ஒரே கெட்டிடம் மாதிரி எடுத்துத்தான் தண்ணி கணக்கு கூட்டணும்." அவள் மேனேஜர் பக்கம் திரும்பி மலையாளத்தில் வேகமாகப் பேசினாள். இங்கே படுக்கிறவர்கள் மனிதர்கள் இல்லையா, அவர்களுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சோலைக்குக்கூட அவள்மேல் மரியாதை வந்தது.

வராந்தாவில் மறுபடி கணக்கு நடந்தது. டேங்க் போதவில்லை. இருப்பதில் பாதிக்கு மேல் இன்னும் தண்ணீர் வேண்டும். டேங்கைப் பெரிசாக்க வேண்டுமென்றால் பின்னால் இருக்கிற பாறையை உடைக்க வேண்டும். டேங்க் கட்டிய பிறகு மலை சரிந்ததிலிருந்து பாறையில் வெடி வைக்க அனுமதி இல்லை. மேனேஜர் தாடையைத் தடவினார். "அப்போ என்ன வழி?"

"ஒண்ணு, தண்ணி கூட்டணும். இல்லெங்கில் கெட்டிடம் குறைக்கணும்" என்றாள் பின்சி மேடம். அவளுக்கு அது கூட்டல் கழித்தல்.

மேனேஜர் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார். "குறைக்காம்" என்றார், குறைத்துவிடலாம் என்று.

சோலைக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஏற விடாதபடி மேனேஜர் அடுத்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். "சோலை, உனக்கு நல்ல கண்ணு. ஃபயர் ஆப்பரேட்டர் நீதான்." சொல்லும்போது அவர் சிரித்த சிரிப்பில் பல் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு ஜங்ஷனில் சூடாகப் பழம்பொரி வாங்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கினார் சோலை. பொட்டலத்தை ஆனந்தி மடியில் வைத்து, "போஸ்ட்டு நமக்கு" என்றார்.

"நெசமாவா? ரூமு?"

"போஸ்ட்டு வந்தா ரூமு பின்னாலயே வரும்ல. அதோட வாசலத் தொறந்தா காத்து எப்படி வருதுங்கிற!"

"கொழுந்தனாருக்கு?"

"அவன் பேச்ச எடுக்காத. கட்டடத்தையே கண்ணுல பாக்கத் தெரியாத பய." பழம்பொரியைப் பாதியாகப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தார். ஆனந்தி வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். பக்கத்து வாசலில் பேச்சி விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவர் மேலே ஏறி வந்தபோது குவார்ட்டர்ஸ் கூரையில் இரண்டு ஆட்கள் உட்கார்ந்து தகரத்தின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கூரை மாற்றுகிறார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தார். தனக்காக மாற்றுகிறார்கள் என்றுகூட நினைத்தார். அசாம்காரர்கள் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக லாண்டரி ரூமுக்குப் போனார்கள். அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே அவர்களுக்குப் பாய் விரிக்க இடம் காட்டப்பட்டது. பகலில் அது துணி துவைக்கிற இடம், அதனால் ஆள் படுக்கிற கணக்கில் வராது.

சோலை ஓடினார். மேனேஜர் கெஸ்ட் ஜீப்புக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ரூமு…"

"எந்த ரூம்?"

"குவார்ட்டர்ஸ் சார். ஃபயர் ஆப்பரேட்டருக்குத் தர்றேன்னு சொன்னீங்களே."

"நீதானே சோலை கணக்கில் கூட்டச் சொன்னது? கூட்டினோம். டேங்க் போதல. அதனால் கழிச்சாச்சு." அவர் தோளில் தட்டினார். "போஸ்ட் உண்டு. யூனிஃபார்ம் உண்டு. தாமசம், தங்குற இடம், நீ பாத்துக்கணும்."

தட்டிக்குப் பக்கத்தில் சந்தனம் குத்த வைத்து, மூங்கிலில் ஏற்றியிருந்த பேஷன் ஃப்ரூட் கொடியை அறுத்துக்கொண்டிருந்தான். மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் தட்டி எதற்கு என்று சொல்லிவிட்டார்களாம். காய்த்த கொடி. பச்சைக் காய்களை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். சோலை அவன் முன்னால் போய் நின்றார்.

"நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"மறப்பனாண்ணே? இந்தக் கொடியக் கட்டி அத மறச்சதே நான்தான." சந்தனம் அரிவாளைக் கீழே வைத்தான். "மொத நாளே மேனேஜர் சொல்லிட்டாரு, பின்பக்கம் மேடத்தக் கூட்டிட்டுப் போகாத, அத எண்ணுனா டேங்கு பத்தாதுன்னு. எண்ணாட்டி அது பாட்டுக்கு நிக்கும், நம்ம பாட்டுக்கு இருந்துக்கலாம்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானடா!"

"எங்க சொல்ல விட்டீக? பைப்படியில பேச வந்தேன், மலையப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டீக." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மேடம் எங்கிட்டச் சொல்லுச்சு, தீயணைக்கிற பம்ப ஆளில்லாம விடக் கூடாது, பகலுக்கு ஒரு ஆளு, ராத்திரிக்கு ஒரு ஆளுன்னு எழுதப் போறேன்னு. ரெண்டு ஆளு, ரெண்டு ரூமு. மேனேஜர்கிட்ட ஒங்க பேரையும் சேத்துத்தான்ணே சொன்னேன். மதினிக்கு மொதல்ல, எங்களுக்கு அடுத்த வருசம் தந்தாப் போதும்னு."

சோலை சாக்கிலிருந்த பச்சைக் காய்களைப் பார்த்தார். காலியாகக் கிடந்தது இரண்டு அறை என்று அவருக்கும் தெரியும். அவரேதான் இரண்டையும் அளந்தார். ஆனால் இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவருக்கு இரண்டு என்று எண்ண வரவில்லை. எண்ணும்போதெல்லாம் ஒன்றுதான் வந்தது, அந்த ஒன்றின் வாசலில் சந்தனம்தான் நின்றான். மன்னித்துவிடு என்று சொல்ல நாக்கு புரண்டது. அதே நேரத்தில், இந்த நல்ல பேரையும் இவனே வாங்கிவிட்டானே என்று அடிவயிற்றில் பழைய எரிச்சல் எழுந்தது. அதுதான் அவருக்கே அசிங்கமாக இருந்தது. திரும்பிப் பம்பு ரூமுக்குப் போனார்.

வீட்டில் ஆனந்தியிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "கொழுந்தனாரு நம்ம பேரயும் சொன்னாராங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து, கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையை அவிழ்த்து, சமைக்க வேண்டிய சட்டியை எடுத்தாள். சித்திரை கடைசியில் சாவியை ஆபீசில் ஒப்படைக்கும்படி ஃபீல்டு ஆபீசர் அன்றைக்குத்தான் சொல்லியிருந்தார். டவுனில் வாடகை வீடு கேட்டுப் பார்த்தார்கள். எல்லா வீடும் ஹோம் ஸ்டே ஆகியிருந்தது.

தீயணைப்பு ஆபீசர்கள் வந்த அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. சோலைக்கு ஆரஞ்சுக் கோட்டும், ஒரு அளவு பெரிய ரப்பர் பூட்ஸும், தலைக்கு ஹெல்மெட்டும் கொடுத்திருந்தார்கள். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் சுவரெல்லாம் போய், கணுக்கால் உயரத்துக்குச் செங்கல் வரிசையும் சிமென்ட் தரையும் மிஞ்சியிருந்தன. அதன் நடுவே கழற்றிப் போட்ட கதவு, ஜன்னல் சட்டங்களைக் குவித்து டீசல் ஊற்றி மேனேஜர் பற்றவைக்கச் சொன்னார். நிஜமான தீ இருந்தால் சோதனை நன்றாக இருக்கும் என்பது அவருடைய யோசனை. பால்கனிகளில் கெஸ்ட்டுகள் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஹோஸ் ஒரு ஆள் தனியாப் பிடிக்க முடியாது. பின்னால் ஒருத்தர் தாங்கணும்" என்றார் ஆபீசர்.

மேனேஜர் சுற்றிப் பார்த்தார். "சந்தனம், வா."

சோலை முன்னால் நின்று குழாய் வாயைப் பிடித்தார். சந்தனம் அவருக்குப் பின்னால் வந்து, ஹோஸை இடுப்போடு அணைத்து, தோளை அவர் முதுகில் கொடுத்தான். வால்வு திறந்தது. தண்ணீர் உதைத்துக்கொண்டு வந்தது. முதுகில் அந்தத் தோள் இல்லையென்றால் சோலை மல்லாக்க விழுந்திருப்பார். தண்ணீர் மூன்றாவது மாடி உயரத்துக்குப் போய் வளைந்து விழுந்தது. கெஸ்ட்டுகள் கை தட்டினார்கள். தீ அணைந்த பிறகும், சொன்ன நேரம் வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள், அடித்தார்கள். ஆபீசர் டேங்கை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் தாராளமாக இருக்கிறது என்று மேனேஜரிடம் கை குலுக்கினார்.

ஜீப்புகள் போன பிறகு மேனேஜர் அந்த இடத்தைப் பார்த்தார். கரிந்த கட்டைகளை அசாம்காரர்கள் அள்ளிப் போயிருந்தார்கள். சிமென்ட் தரையில் தண்ணீர் செங்கல் வரிசை தட்டி, போக இடமில்லாமல் நின்றது.

"சாயங்காலத்திலிருந்து கெஸ்ட்டுக்கு இங்கேதான் கேம்ப் ஃபயர். சுத்தி நாற்காலி போடணும். வேகம் தண்ணிய அள்ளிக் களைஞ்சு தரைய உணக்கு, காயணும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

லாண்டரியிலிருந்து சந்தனம் இரண்டு விளக்குமாறு எடுத்து வந்தான். ஒன்றைச் சோலையிடம் கொடுத்தான். சோலை வாங்கிக்கொண்டு செங்கல் வரிசையைத் தாண்டி ஒரு அறைக்குள் இறங்கினார். சந்தனம் அடுத்த அறைக்குள் இறங்கினான். இரண்டு பேரும் குனிந்து, வாசல் இருந்த இடைவெளி வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கினார்கள்.